போகும்போது மூணு பெடல்... திரும்பும்போது ரெண்டு!

உங்க வீட்டுல கார் வாங்குற பேச்சு ஆரம்பிச்சிருக்கா? அப்படின்னா ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு, குடும்பத்தோட செஞ்சிக்குக் கிளம்புங்க. ஷோரூம்ல தர்ற ரெண்டு கிலோமீட்டர் டெஸ்ட் டிரைவில் தெரியாத சில விஷயங்கள் அங்கே தெரியும். எங்களுக்குத் தெரிஞ்சது!

எங்க வீட்டுப் பஞ்சாயத்து இதுதான். பெட்ரோல் செடான்னு முடிவாயிடுச்சு. கலர்கூட ஓகே. மேனுவலா, ஆட்டோமேடிக்கா என்பதில்தான் மூணு வாரமா இழுபறி. அப்பாவுக்கு இடது முழங்கால்ல வலி. ஆனாலும், "கியர் போடாம ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டா?" என்பார். நானும் அப்பா கட்சிதான். காரணம், நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். எங்க வகுப்பில் நாலே பொண்ணுங்க. "லேடீஸ் ஓட்டறதா இருந்தா ஆட்டோமேடிக் பாருங்க" என்று ஒரு விற்பனையாளர் என்னைப் பார்த்துச் சொன்ன அந்த நொடியில், மேனுவல்தான் வாங்கணும்னு சபதமே எடுத்துட்டேன்!

அம்மா? வாயே திறக்கலை. அம்மாகிட்ட 2014ல் எடுத்த லைசென்ஸ் இருக்கு. பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமா இருக்கு. அந்தப் பஞ்சாயத்தில் யாருக்கும், எனக்கும்தான், அது ஞாபகத்துக்கே வரலை.

சித்தப்பாகிட்ட ஒரு மேனுவல் செடான். மாமாகிட்ட அதே மாடல், ஆட்டோமேடிக். எங்க குலதெய்வமோ செஞ்சி பக்கத்துல சிங்கவரம் ரங்கநாதர். "ரெண்டு காரையும் எடுத்துட்டுப் போவோம். சாமியும் கும்பிட்ட மாதிரி, சண்டையும் தீர்ந்த மாதிரி" என்று சித்தப்பா ஐடியா கொடுக்க... கிளம்பிட்டோம்!

படிக்கட்டும் சாய்தளமும்

காலை அஞ்சரைக்கு தாம்பரம். மேனுவலில் நான் டிரைவர், பக்கத்தில் அப்பா. பின்னாடி ஆட்டோமேடிக்கில் மாமா, அம்மா, சித்தப்பா.

செங்கல்பட்டு தாண்டி ரோடு விரிஞ்சதும் மேனுவலின் சுகமே சுகம். முன்னால் லாரி போகுதா? ஆறிலிருந்து நாலுக்கு இறக்கி ஒரு மிதி... சர்ர்ருன்னு முந்தலாம். இன்ஜின் நம்ம பேச்சைக் கேட்கிற திருப்தி! மேல்மருவத்தூரில் டீ குடிக்க நிறுத்தியபோது மாமாவோட காரை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அது சிவிடி வகை. திடீர்னு ஆக்சிலரேட்டரை அமுக்கினா, சத்தம் முதலில் போகுது, கார் அப்புறமா போகுது. ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி!

ஏன் அப்படி? மேனுவலில் கியர் என்பது படிக்கட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏறணும். ஒவ்வொரு படிக்கும் கிளட்சை மிதிச்சு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரு கணம் பிரிச்சுச் சேர்க்கணும். சிவிடியில் படியே கிடையாது, சாய்தளம்தான். ரெண்டு கப்பி, நடுவில் ஒரு எஃகு பெல்ட். கப்பிகள் விரிந்து சுருங்க, பெல்ட் மேலும் கீழும் நகர்ந்து விகிதத்தை வழவழன்னு மாத்திக்கிட்டே இருக்கும்.

இன்னும் ரெண்டு வகை இருக்கு. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்சை மிதிக்கிற, கியர் மாத்துற வேலையை மட்டும் ஒரு கருவி பார்த்துக்கும். 2014ல் மாருதி செலேரியோவில் நம்ம ஊருக்கு வந்து, ஆட்டோமேடிக்கை நடுத்தரக் குடும்பத்துக்கு இழுத்து வந்தது இதுதான். விலை கம்மி, ஆனா கியர் மாறும்போது தலை லேசா ஆடும். டிசிடியில் கிளட்ச் ரெண்டு. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒண்ணு, இரட்டைப்படைக்கு இன்னொண்ணு. மூணில் ஓடும்போதே நாலு தயாரா நிற்கும். படுவேகம், விலையும் அப்படியே!

46 வருஷக் கணக்கு!

"ஆட்டோமேடிக்னா பெட்ரோலைக் குடிக்கும்" என்பது அப்பாவோட பிரம்மாஸ்திரம். டோல்கேட் வரிசையில் நிற்கும்போது செல்போன் கால்குலேட்டரைத் தட்டினேன்.

நம்ம இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் வெர்னாவை எடுத்துக்கோங்க. 2023ல் வந்த மாடலின் 1.5 லிட்டர் சாதா பெட்ரோல் இன்ஜினுக்கு கம்பெனி சொன்ன மைலேஜ்: மேனுவல் லிட்டருக்கு 18.6 கிலோமீட்டர், சிவிடி 19.6. அட, ஆட்டோமேடிக்தான் அதிகம்! 2024 மாருதி டிசையரிலும் இதே கதை. மேனுவல் 24.79, ஏஎம்டி 25.71. இன்ஜினை எப்பவும் சிக்கனமான சுழற்சியில் வைக்க நம்ம காலைவிட கம்ப்யூட்டருக்கு நல்லா தெரியும், அவ்வளவுதான். அது சோதனைக்கூடக் கணக்கு. டிராஃபிக்கில் உங்க பாதம் சொல்றதுதான் மைலேஜ்.

சரி, அப்போ ஆட்டோமேடிக் லாபமா? பொறுங்க. வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினா வெர்னா கணக்கில் மிச்சமாவது 27 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வெச்சா 2,700 ரூபாய். 2023ல் ஒரே வேரியன்ட்டில் ரெண்டுக்கும் இருந்த விலை வித்தியாசம் சுமார் ஒண்ணேகால் லட்சம். வகுத்துப் பாருங்க... போட்ட காசை எடுக்க 46 வருஷம்! அதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன்.

ஆக, மைலேஜை வெச்சு ஆட்டோமேடிக்கை வேண்டாம்னும் சொல்ல முடியாது, வாங்குன்னும் சொல்ல முடியாது. "அப்போ எதை வெச்சுதான் முடிவு பண்றது?" என்றார் அப்பா. பதில் செஞ்சியில் காத்திருந்தது.

ஆட்டுச் சந்தையில் அரை கிளட்ச்

திண்டிவனத்தில் வலதுபக்கம் திரும்பி முப்பது கிலோமீட்டருக்குள்தான் செஞ்சி. ஊர் நெருங்க நெருங்க, யாரோ ராட்சசன் கூழாங்கல் விளையாடிவிட்டுப் போன மாதிரி பாறை மேல் பாறையாக் குன்றுகள். வாயைப் பிளந்து பார்த்துட்டே வந்தோம். அதுக்குள்ள அப்பா, "நான் ஓட்டறேன்" என்று மேனுவலை வாங்கிக்கிட்டார். வாங்கின நேரம் அப்படி!

வெள்ளிக்கிழமை செஞ்சியில் ஆட்டுச் சந்தை. மினி வேன் முழுக்க ஆடு, ஷேர் ஆட்டோவில் ஆடு, பைக்கில் முன்னாடி உட்கார்ந்து ஊர்வலம் வருது ஒரு குட்டி ஆடு! ஊருக்குள் கார் நகர்வது ஆடு நடக்கிற வேகத்தில். நகரு, நில், நகரு, நில். அப்பாவோட இடது கால் கிளட்சில் ஏறி இறங்கிக்கிட்டே இருந்தது. எத்தனை தடவைன்னு எண்ண ஆரம்பிச்சேன். நூறைத் தாண்டியதும் விட்டுட்டேன். அப்பா வலி தாங்காம அரை கிளட்சிலேயே காரை ஊர்ந்துவர விட்டார். கிளட்ச் தகட்டைத் தேய்ச்சு, பர்ஸையும் தேய்க்கிற பழக்கம் அது. திட்ட மனசு வரலை.

பின்னாடி மாமா? பிரேக்கிலிருந்து காலை எடுத்தா கார் தானா ஊருது. வெச்சா நிற்குது. ஆட்டுக்கு டாட்டா காட்டிக்கிட்டே வந்தார்!

தேசிங்கு ஓட்டியது மேனுவல்தான்

செஞ்சிக் கோட்டைக்கு மூணு மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். 1677ல் சிவாஜி பிடிச்ச கோட்டை இது. 1690ல் முற்றுகை போட்ட முகலாயர் படைக்கு உள்ளே நுழைய 1698 ஆச்சு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான்.

அப்பாவோட முழங்காலுக்காக மேலே ஏறாம, அடிவாரத்தில் கல்யாண மகாலையும் குதிரை லாயங்களையும் சுத்திப் பார்த்தோம். குதிரைன்னா தேசிங்கு ராஜா ஞாபகம் வராம இருக்குமா? யாருக்கும் அடங்காத முரட்டுக் குதிரையை டெல்லி பாதுஷா முன்னாடி அடக்கிக் காட்டினவன் என்று கதைப்பாடல் சொல்லுது. நிஜத்தில் தேஜ் சிங். 1714ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, 22 வயசில் இறந்துபோனான். என்னைவிட ரெண்டே வயசு மூத்தவன்!

"பாத்தியா? அடங்காததை அடக்குறதுதான் கெத்து. தேசிங்கு ஓட்டினது மேனுவல்!" என்றார் அப்பா, முழங்காலை நீவிக்கொண்டே. நானும் சிரிச்சேன். அம்மா லாயத்துத் தூணைத் தடவிக்கொண்டே சொன்னாங்க: "குதிரையை அடக்கினவனைத்தான் பாட்டுல பாடுறாங்க. ஏறவே விடாம நிறுத்தி வெச்சவங்களை யாரு பாடுறா?"

எனக்கு அப்போ அது புரியலை.

சிங்கவரம் படிக்கட்டில்...

சாயங்காலம் சிங்கவரம். செஞ்சியிலிருந்து வடக்கே நாலைந்து கிலோமீட்டர். வழியில் திருநாதர் குன்று வரும், தவறவிடாதீங்க. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் கல்வெட்டும் அங்கே இருக்கு. 'ஐ' என்ற எழுத்து முதலில் கிடைச்ச கல்வெட்டுன்னு அதைச் சொல்றாங்க.

ஊருக்குள் திரும்புற இடத்தில் ஒரு சின்ன மேடு. மேனுவலில் மறுபடி நான். எதிரே மாட்டுவண்டி. நிறுத்தினேன். திரும்ப எடுக்கும்போது... கார் பின்னாடி உருண்டு, குலுங்கி, ஆஃப்! பின்னாடி டிராக்டர் ஹாரன். மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஆஃப். மெக்கானிக்கல் படிக்கிற மகளுக்கு வேர்த்து ஊத்திருச்சு. ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்ச் பிடிக்கிற இடம் வரைக்கும் தூக்கி, ஒருவழியா ஏத்தினேன்.

மலைக்கு நூற்றுச் சொச்சம் படிகள். அப்பா பாதியில் உட்கார்ந்துட்டார். அம்மாவும் நானும் மட்டும் மேலே. பல்லவர் காலக் குடைவரை அது. மலையைக் குடைஞ்சு, அதே பாறையில் சுமார் 24 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்ட பெருமாள். ஒட்டு கிடையாது, இணைப்பு கிடையாது. தேசிங்கு போருக்குப் போகும் முன் இங்கே வந்து கும்பிட்டானாம். போகாதேன்னு பெருமாள் முகத்தைத் திருப்பிக்கிட்டதா ஊர்க்கதை. அவன் கேட்கலை. வெளியே ஊரெல்லாம் வயலும் பாறையுமா விரிஞ்சு கிடந்தது. காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து!

அங்கே உட்கார்ந்துதான் அம்மா சொன்னாங்க. "நீ மேட்டுல நின்னியே, அதே மாதிரி நானும் நின்னேன். லைசென்ஸ் வாங்கின புதுசுல, ஒரு மேம்பாலத்துல. மூணு தடவை ஆஃப் ஆச்சு. பின்னாடி ஒருத்தன் இறங்கி வந்து, 'வீட்டுல பாத்திரம் கழுவ வேண்டியதுதானே'ன்னான். உங்கப்பாவும் பக்கத்துலதான் இருந்தாரு. 'சரி இறங்கு, நான் எடுக்கறேன்'னாரு. அன்னைக்கு இறங்கினவதான்."

"கியர் இல்லேன்னா ஓட்டுவியாம்மா?"

"நாலு விஷயத்தை ஒண்ணா பாக்கச் சொன்னா பயமாயிருக்குடி. மூணா இருந்தா பாத்துக்குவேன்."

என் சபதம் அந்தப் பாறையிலேயே விழுந்து உடைஞ்சது. யாரோ ஒரு விற்பனையாளர் மேல் இருந்த கோபத்துக்கு, பத்து வருஷத்துக்கு மேல காத்திருந்த எங்க அம்மாவை நான் இன்னொரு தடவை இறக்கிவிடப் பார்த்திருக்கேன்!

நீங்க எதை வாங்கலாம்?

நிஜமாவே மேனுவலுக்கு நியாயம் இருக்கு. விலை கம்மி. பேட்டரி படுத்தா நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம். ஆட்டோமேடிக்கை அப்படித் தள்ள முடியாது. மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார். நீங்க பெரும்பாலும் ஹைவேயில், ஒருத்தரே ஓட்டப் போறீங்கன்னா மேனுவலே போதும். வேலைக்கு வெளிநாடு போற எண்ணம் இருந்தா கத்துக்கும்போது மேனுவலில் கத்துக்கோங்க. சிங்கப்பூரில் 3ஏ லைசென்ஸ் எடுத்தா ஆட்டோமேடிக் மட்டும்தான் ஓட்டலாம், பிரிட்டனிலும் ஆட்டோமேடிக்கில் டெஸ்ட் எடுத்தா அதே கதை.

தினமும் ஊர்ந்து போற டிராஃபிக்கா? வீட்டில் முழங்கால் வலியா? கண்ணை மூடிட்டு ஆட்டோமேடிக். பட்ஜெட் இடிச்சா ஏஎம்டியை ஓட்டிப் பாருங்க. ஆனா மேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி வீட்டில் ஒரு கேள்வி கேளுங்க. யார் நல்லா ஓட்டுவாங்கன்னு இல்லை. யார் இதுவரை ஓட்டவே இல்லைன்னு!

கீழே இறங்கினதும் மாமா எதுவும் பேசாம சாவியை அம்மாகிட்ட நீட்டினார். லைசென்ஸ்? அன்னைக்குக் காலையில பீரோவிலிருந்து எடுத்து கைப்பையில் வெச்சிருக்காங்க. யாருக்குமே சொல்லலை!

"இடது காலை மடக்கி ஓரமா வெச்சுக்கோம்மா. பிரேக், ஆக்சிலரேட்டர் ரெண்டுக்கும் வலது கால் மட்டும்" என்றேன். பக்கத்தில் மாமா. பின் ஸீட்டில் அப்பா, நான். அதே மேடு. வேணும்னே நிறுத்தச் சொன்னார் மாமா. அம்மா நிறுத்தினாங்க. பிரேக்கை விட்டு மெல்ல மிதிச்சாங்க. கார் பாட்டுக்கு ஏறுச்சு.

செஞ்சி வரைக்கும் நாலைந்து கிலோமீட்டர். இருபது நிமிஷம். ஆடெல்லாம் வீட்டுக்குப் போயிருந்தது. கோட்டை மேல வெயில் இறங்கிட்டிருந்தது. ஊர் எல்லையில் நிறுத்தினதும் அப்பா மெதுவா கேட்டார், "நான் எடுக்கட்டா?"

"வேணாங்க. திண்டிவனம் வரைக்கும் நானே போறேன்."

அப்பா சீட் பெல்ட்டைச் சரி பண்ணிக்கிட்டார். புக் பண்ணியாச்சு. ஆட்டோமேடிக். கலர் மட்டும் மாறிடுச்சு. அம்மாவுக்குப் பிடிச்ச நீலம்!