கேளாமல் விழும் வெளிச்சம்

இருட்டில் நிற்பவரின் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடிப்பது மரியாதை அன்று என்று சொல்லியே நம்மைப் பெரியவர்கள் வளர்த்தார்கள். வாசலில் நிழலாடினால், "யாரது?" என்று முதலில் குரல் கொடுக்க வேண்டும், பதில் வந்த பிறகே விளக்கை உயர்த்த வேண்டும். இந்தச் சிறிய ஒழுக்கத்துக்கு மாறாகத் தோன்றும் ஒரு காரியத்தை நாம் பல்லாண்டுகளாகச் செய்து வருகிறோம். வேலை முடிந்து வீடு திரும்பும் மக்களைச் சென்னைத் தெருக்களில், பொழுது சாய்ந்தபின், ஃப்ளாஷ் விளக்கின் துணையோடு கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்து வருகிறோம். "இது தகுமா?" என்று நண்பர்கள் பலர் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு உரிய விடையை ஒருமுறை விரிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம்.

பாரிமுனையிலிருந்து கடற்கரை ரயில் நிலையம் வரை ராஜாஜி சாலையில் மாலை நேரத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு நாம் சொல்லவருவது எளிதில் விளங்கும். மண்ணடிக் கடைகளில் கணக்கு எழுதியவர், நீதிமன்றத்துக் குமாஸ்தா, துறைமுகத்துத் தொழிலாளி, காலிச் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு விரைகின்ற தாய்மார் என்று எல்லாரும் ஒரே திசையில் செல்கின்றனர். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் இன்றுவரை எத்தனை தலைமுறைகள் இந்த வழியாக வீடு திரும்பியிருக்கும்! அலுவலகத்தில் மேலதிகாரிக்குக் காட்டும் முகம் ஒன்று. வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்டும் முகம் ஒன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, யாருக்கும் காட்ட வேண்டாத முகம் ஒன்றும் மனிதனுக்கு உண்டு. வீடு திரும்பும் வழியில் அவன் அணிந்திருப்பது அந்த முகத்தைத்தான். அதைப் பதிவு செய்யவே நமக்கு ஆசை.

ஆனால் அந்த முகம் வெளிப்படும் வேளையில் வெளிச்சம் இருப்பதில்லை. மஃரிபுக்குப் பின் பேருந்து நிறுத்தத்தில் தெருவிளக்கு ஒரு நிறம், கடையின் குழல்விளக்கு வேறொரு நிறம், வாகனங்களின் முகப்பு விளக்கு மற்றொரு நிறம். வண்ணப்படத்தில் இவை ஒன்றோடொன்று சண்டையிட்டு, மனிதரின் தோலைப் பச்சையாகவும் மஞ்சளாகவும் காட்டிவிடும். கறுப்பு வெள்ளையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லா விளக்கும் வெளிச்சம் என்ற ஒரே பெயரைப் பெறுகின்றன. ஃப்ளாஷின் வெண்மையும் அவற்றோடு பகையின்றிக் கலந்துவிடுகிறது.

நம்மிடம் இருப்பது பழைய 35 மில்லிமீட்டர் காமிரா. அதில் 400 வேகமுள்ள ஃபிலிம். 100 வேகத்துக்கு 20 மீட்டர் என்று கைடு நம்பர் குறிக்கப்பட்ட சிறிய ஃப்ளாஷ், 400 வேக ஃபிலிமில் 40 என்றாகும். அதன் ஆற்றலைக் காற்பங்காகக் குறைத்தால் அந்த எண் பாதியாகி 20-க்கு வரும். அதைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸின் துவார அளவு கிடைக்கும். இரண்டரை மீட்டர் தூரத்தில் வருபவருக்கு எஃப் 8. நம்முடைய 35 மில்லிமீட்டர் லென்ஸில் இந்தத் துவாரத்தை வைத்து இரண்டரை மீட்டருக்குக் குவித்துவிட்டால், ஒன்றே முக்கால் மீட்டர் முதல் ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். கூட்டத்தில் நின்று வளையத்தைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஃப்ளாஷ் விளக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. தூரம் இருமடங்கானால் அதன் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். இரண்டரை மீட்டரில் நிற்பவர் முகம் சரியாக ஒளிர்ந்தால், ஐந்து மீட்டரில் நிற்பவர் மங்கி இருப்பார். அவருக்கு அப்பால் இருள். ஆயிரம் பேர் நடக்கும் தெருவில் ஒரே ஒருவர் மட்டும் கூட்டத்திலிருந்து எடுத்து நிறுத்தப்பட்டதுபோல் தோன்றுவது இதனால்தான். ஷட்டரை ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்துவைத்தால், ஃப்ளாஷ் விழுந்த கணத்தில் முகம் உறைந்து நிற்கும். பின்னால் செல்லும் பேருந்தின் விளக்குகள் கோடுகளாக இழுபடும். வெள்ளைச் சட்டையோடும் வெள்ளைத் தொப்பியோடும் வருபவரிடம் தானியங்கி ஃப்ளாஷ் ஏமாந்துபோகும். துணியின் வெண்மையைக் கண்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, நம்மவரின் கறுத்த முகத்தை இருட்டில் தள்ளிவிடும். ஆகவே அளவை நாமே கையால் வைத்துக்கொள்கிறோம். முகமே முக்கியம்; சட்டையை இருட்டறையில் பிரதி போடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் செய்முறை. முதலில் எழுப்பிய கேள்விக்கு இவற்றில் விடை இல்லை. அதற்கு, இதே காரியத்தை நமக்கு முன் செய்தவர்களைப் பார்க்க வேண்டும். அவர்களுள் முக்கியமானோர் நியூயார்க் நகரத்தில் இருந்தனர்.

1887-இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த ஃப்ளாஷ் பொடி கண்டுபிடிக்கப்பட்டது. பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் அதை எடுத்துக்கொண்டு நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் இரவில் நுழைந்தார். காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் மனிதர் அடைந்து கிடப்பதை ஊரார் கண்ணுக்குக் காட்டினார். 1890-இல் வெளிவந்த அவரது நூல் அந்நகரத்தின் மனசாட்சியை உலுக்கியது. நோக்கம் உயர்ந்ததுதான். எனினும், உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழித்த அந்த ஏழைகளிடம் ஒரு வார்த்தை கேட்கப்பட்டதா என்ற ஐயம் அப்படங்களைக் காணும்போதெல்லாம் நமக்கு எழும்.

வாக்கர் எவன்ஸ் நேர்மாறான வழியைத் தேர்ந்தார். 1938 முதல் 1941 வரை, நியூயார்க்கின் சுரங்க ரயிலில் எதிரே அமர்ந்திருந்த பயணிகளை அவர் படமெடுத்தார். காமிராவை மேலங்கிக்குள் மறைத்து, லென்ஸ் மட்டும் பொத்தான்களுக்கு இடையே எட்டிப் பார்க்கும்படி வைத்துக்கொண்டார். ஷட்டரை இயக்கும் கம்பி சட்டைக் கைக்குள் ஓடியது. ஃப்ளாஷ் கிடையாது. எவரும் அறியவில்லை, எவரும் திடுக்கிடவில்லை. ஆனால் அப்படங்களைப் புத்தகமாக வெளியிட அவர் 1966 வரை காத்திருந்தார். அந்தக் கால் நூற்றாண்டுக் காத்திருப்பில் ஒரு கூச்சம் இருந்ததாகவே நமக்குப் படுகிறது.

1980-இல் அதே சுரங்க ரயிலுக்குள் புரூஸ் டேவிட்சன் நுழைந்தார். அவர் முடிவில் வண்ணத்துக்கு மாறியவர். ஆனால் ஃப்ளாஷைப் பகிரங்கமாகப் பயன்படுத்தினார். தாம் எடுத்த படங்கள் அடங்கிய சிறிய ஆல்பம் ஒன்றைக் கையோடு வைத்திருந்தார். சிலரிடம் அதைக் காட்டி முதலில் அனுமதி கேட்டார். சிலரை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு விளக்கம் சொன்னார். எப்படியாயினும் மின்னிய விளக்குக்குப் பின்னால் ஒரு மனிதர் நின்றார். அவரிடம் கேள்வி கேட்க முடிந்தது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா 1999-க்கும் 2001-க்கும் இடையே டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தின்மேல் ஃப்ளாஷைப் பொருத்திவிட்டு, தாம் தொலைவில் நின்று, கடந்து செல்வோரை அவர்கள் அறியாமல் எடுத்தார். அவையும் வண்ணப்படங்களே. ஆயிரக்கணக்கில் எடுத்து, 17 படங்களைத் தேர்ந்து காட்சிக்கு வைத்தார். அவற்றுள் ஒன்றில் இருந்தவர் சமயப் பற்றுமிக்க யூதப் பெரியவர். தம் உருவத்தை இவ்வாறு பயன்படுத்துவது தம்முடைய மார்க்க நம்பிக்கைக்கு விரோதமானது என்று அவர் வழக்குத் தொடுத்தார். 2006-இல் நியூயார்க் நீதிமன்றம், அப்படம் கலைப்படைப்பு, ஆகவே கருத்துரிமையின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்றும், வழக்கு காலம் கடந்து தொடுக்கப்பட்டது என்றும் கூறித் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடுகளும் பயனளிக்கவில்லை.

சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பெரியவரின் மனவருத்தம் நம் குடும்பங்களுக்கு அந்நியமானதன்று. நம் உம்மம்மாவுக்கு உலகில் இருப்பது ஒரே ஒரு படம்; அதுவும் ஹஜ்ஜுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டும் என்பதற்காக, தலை குனிந்தபடியே போய் எடுத்துக்கொண்டது. உருவப்படம் கூடுமா கூடாதா என்ற விவாதம் ஆலிம்களுக்கு உரியது. அதற்குள் நாம் புகவில்லை. தம் முகம் யார் கைக்குப் போகிறது என்பதில் ஒருவருக்குச் சொல்லும் உரிமை உண்டு என்பதை அந்த ஒற்றைப் படமே நமக்குக் கற்பித்தது. நம் நாட்டிலும் 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருக்கிறது.

ஆகவே நாம் சில நெறிகளை வகுத்துக்கொண்டோம். வாகனம் ஓட்டுபவரின் கண்ணில் ஃப்ளாஷ் படக்கூடாது, அது ஆபத்து. தனியாக நிற்கும் பெண்களைக் கேட்காமல் எடுப்பதில்லை. மற்றவர்களை எடுத்தால், எடுத்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. வெளிச்சம் விழுந்ததும் அவர் நம்மைப் பார்ப்பார். நாமும் காமிராவை இறக்கி அவரைப் பார்ப்போம். பெரும்பாலோர் சிரித்துவிட்டுப் போவர். சிலர், "என்ன பாய், எதுக்கு?" என்பர், காரணம் சொல்லுவோம். விலாசம் கொடுத்தவர்களுக்குப் பிரதி அனுப்புவோம்.

ஒருநாள் தலைமை அஞ்சலகத்துக்கு அருகே வெளிச்சம் விழுந்ததும் ஒருவர் நின்றுவிட்டார். கோபப்படவில்லை, முகம் மட்டும் வாடியது. "பாய், இந்தப் படம் பேப்பர்ல வருமா?" என்று கேட்டார். கண்காட்சியிலோ புத்தகத்திலோ வரக்கூடும் என்ற உண்மையைச் சொன்னோம். அவர் கையிலிருந்ததைக் காட்டி, "இதோட எடுத்துட்டீங்களே. ஊர்ல என் வீட்டுல வேற வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கு" என்றார். பிறகு, "அழிச்சிடுங்க பாய்" என்றார்.

இது ஃபிலிம், கைப்பேசியைப்போல் ஒரு படத்தை மட்டும் அழிக்க இயலாது என்று விளக்கினோம். வேண்டுமானால் இப்போதே காமிராவின் பின்கதவைத் திறந்துவிடுகிறோம், சுருள் முழுவதும் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடும் என்று சொல்லித் தாழ்ப்பாளில் கைவைத்தோம். அவர் தடுத்துவிட்டார். "வேணாம். மத்தவங்க படமும் அதுல இருக்குமில்ல. நீங்க போட மாட்டேன்னு சொன்னா போதும்." சொன்னோம். அவர் ரயிலுக்குப் போனார்.

சுருளைக் கழுவி உலர்த்தியபோது, அந்தச் சுருளிலேயே சிறந்த படம் அதுதான் என்று தெரிந்தது. இருளிலிருந்து ஒரு முகம் தனியே எழுந்து நின்றது. அதில் ஒரு நாளின் களைப்பு முழுவதும் இருந்தது. பின்னால் பேருந்தின் விளக்குகள் வெண்கோடுகளாக ஓடின. நாம் பல்லாண்டுகளாகத் தேடிய படம். அந்த ஒரு கட்டத்தைக் கத்தரித்து எடுத்து அழித்தோம். அவர் கையில் இருந்தது என்ன என்பதை இங்கும் எழுதவில்லை. படத்தைப் போடாமல் சொல்லால் வரைந்து காட்டினாலும் அமானிதத்துக்கு மோசம் செய்தவராவோம்.

ஃப்ளாஷ் முரட்டுத்தனமானது என்போருக்கு நாம் சொல்லும் பதில் இந்த நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. அன்று ஃப்ளாஷ் இல்லாமல், மேலங்கிக்குள் மறைத்த காமிராவால் எடுத்திருந்தால், அவர் ஒன்றும் அறியாமல் ரயிலேறியிருப்பார். படம் சுவரில் தொங்கியிருக்கும். என்றோ ஒருநாள் அவருடைய ஊரார் ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். அவருக்கு அன்று "வேண்டாம்" என்று சொல்லும் வாய்ப்பைத் தந்தது அந்த முரட்டு வெளிச்சமே. அது அவரை நமக்குக் காட்டியதுபோலவே நம்மையும் அவருக்குக் காட்டிக்கொடுத்தது. ஆனால் வெளிச்சம் மட்டும் போதாது. டைம்ஸ் சதுக்கத்திலும் வெளிச்சம் இருந்தது, நிற்கும் மனிதர்தாம் இல்லை.

இன்று ஒவ்வொருவர் பையிலும் எவன்ஸின் மேலங்கி இருக்கிறது. கைப்பேசி ஓசையின்றி, ஒளியின்றி எடுக்கிறது. ரயிலில் உறங்கிப்போன முதியவரும், கல்லூரிக்குச் செல்லும் நம் வீட்டுப் பெண்ணும், தாம் எடுக்கப்பட்டோம் என்பதை அறியாமலே வீடு சேர்கின்றனர். அவர்களுக்கு முன்பே அவர்களுடைய படம் ஊரைச் சுற்றி வந்துவிடுகிறது. கால் நூற்றாண்டு பொறுத்திருந்த எவன்ஸின் கூச்சம் இன்று கால் மணி நேரமும் தாங்குவதில்லை.

வீட்டில் பிள்ளைகள் காமிரா கேட்டால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். தெருவையும் மனிதரையும் அவர்கள் கண் திறந்து பார்க்கட்டும். துவாரமும் தூரமும் அவர்கள் தாமே கற்றுக்கொள்வார்கள். படம் எடுத்தபின் ஓடாமல் நிற்கவும், எதிரே இருப்பவர் வேண்டாம் என்றால் அந்தப் படம் எத்தனை அழகாக இருந்தாலும் விட்டுக்கொடுக்கவும் பெற்றோர்தாம் பழக்க வேண்டும்.