54 சதவீதமும் கறுப்புக் கோட்டும்

"எந்த செக்‌ஷன்ல புகார் குடுத்தீங்க தம்பி?"

அருப்புக்கோட்டை கோர்ட் வாசலில் ஒரு வக்கீல் குமாஸ்தா எங்களிடம் கேட்ட கேள்வி இது. 2019 மார்ச் மாதம். வீரசோழன் பக்கம் எங்கள் சேரியில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில் கருவேல முள்ளை வெட்டிப்போட்டு மறித்துவிட்டார்கள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரையைச் சுற்றிப் போனோம். மறுநாள் போலீஸில் எழுதிக் கொடுத்தோம். ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. பத்து நாள் கழித்து இரண்டு தரப்பையும் உட்காரவைத்து, "ஊருக்குள்ள சமாதானமாப் போங்கப்பா" என்று அனுப்பிவிட்டார்கள்.

குமாஸ்தாவின் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் கல்லூரியில் கடைசி செமஸ்டர். திரும்பி வரும் பஸ்ஸில் முடிவு செய்தோம்: சட்டம் படிக்க வேண்டும்.

ரிசல்ட் வந்தபோது எங்கள் மதிப்பெண்கள் 61, 57, 54.

இந்த மதிப்பெண் எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் மிளகாய்ப் பழம் எடுப்பு. செமஸ்டர் பரீட்சையும் அந்த நேரத்தில்தான். காலையில் பழம் எடுக்கப் போனால் அம்மாவோடு சேர்த்து இரண்டு கூலி. மழை இல்லாத வருடம் என்றால் கரிமூட்டத்தில் வேலை. கண் எரிச்சல் தீர இரண்டு நாள் ஆகும். காலை பஸ்ஸை விட்டால் அன்றைய வகுப்பு போச்சு. இதையெல்லாம் மார்க் ஷீட்டில் எழுத இடம் கிடையாது. 54 என்று மட்டும்தான் போட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் மூன்றாண்டு எல்.எல்.பி. படிப்புக்கு நுழைவுத்தேர்வு இல்லை. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் ரேங்க் பட்டியல் போடுகிறது. அதனால் எல்லாமே அந்த ஓர் எண்ணில் போய் நின்றது. 61 விண்ணப்பித்தார். 57 விண்ணப்பித்தார். 54 விண்ணப்பிக்கவில்லை.

"விடுங்கடா மாப்ள. கோட்டாவுல வந்த வக்கீல்னு சொல்லுவாய்ங்க. இந்த மார்க்க வச்சுக்கிட்டு என்னத்தக் கேக்குறது?"

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். நாங்களும் சிரித்தோம். இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமே அன்றைக்கு நாங்கள் சிரித்த அந்தச் சிரிப்புதான்.

தோழர்களே, தகுதி என்ற சொல்லை வைத்து நம்மை மிரட்டுகிறவர்களுக்கு எங்கள் மண்ணிலேயே ஒரு பதில் இருக்கிறது. எங்கள் தாலுகா தலைநகர் திருச்சுழி. ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர். அவருடைய தந்தை சுந்தரம் ஐயர் அந்த ஊரில் வக்கீலாக இருந்தவர். அவர் சட்டப் பட்டம் வாங்கியவர் அல்ல. சிறு வயதில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்து, பிறகு மனு எழுதி, அப்புறம் வாதாட அனுமதி பெற்றவர். நல்ல மனிதர் என்றே எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நாங்களும் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அனுமதிக்கு முன்னால் ஓர் அனுமதி இருந்தது: எழுதப் படிக்க அனுமதி. அதே காலத்தில் அதே மண்ணில் வாழ்ந்த எங்கள் பாட்டன்களுக்கு அது கிடையாது. பட்டமே இல்லாமல் ஒருவர் கோர்ட் ஏறிய ஊரில், பட்டத்தோடு நிற்கிற பையன் 54-ஐ நினைத்து வெட்கப்படுகிறான்.

அண்ணல் அம்பேத்கர் 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது வாங்கியது 750-க்கு 282. அதாவது 37.6 சதவீதம். அந்தப் பரீட்சையும் இன்றைய டிகிரியும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் அந்த எண்ணோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1916-இல் லண்டன் கிரேஸ் இன்னில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்து 1917-இல் பாதியில் திரும்பினார். 1920-இல் மறுபடி போய்ப் படித்து பாரிஸ்டர் ஆனார். 1935-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர். 282-ஐ வைத்து அவரை அளந்திருந்தால் நமக்கு யார் மிச்சம்?

இனி நடைமுறைக்கு வருவோம். பார் கவுன்சில் விதிப்படி சட்டப் படிப்புக்குப் பொதுப் பிரிவில் குறைந்தபட்சம் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 40 சதவீதம். இது விண்ணப்பிக்கும் உரிமை மட்டுமே. 40 இருந்தால் சீட் நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடம் ரேங்க்படிதான். நமக்கான 18 சதவீதத்தில், அதற்குள்ளேயே அருந்ததியர் தோழர்களுக்கான 3 சதவீதத்தில், உங்கள் பெயர் எங்கே நிற்கிறது என்பதே கணக்கு. கடைசி மதிப்பெண் வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் பக்கத்து ஊர்க் கல்லூரியை மட்டும் குறிக்காதீர்கள். தூரத்து அரசுக் கல்லூரிகளையும் குறியுங்கள். எங்களில் 57-க்கு முதல் வருடம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் கரிமூட்டத்தில் நின்றுவிட்டு மறுபடி விண்ணப்பித்து, வீட்டிலிருந்து ஒரு ராத்திரி பயணத் தூரத்தில் இடம் கிடைத்தது.

பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலையில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. தம்பி தங்கைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வகுப்புக்கே போகாமல் வெளிமாநிலத்தில் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று வரும் புரோக்கரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வழக்கறிஞராகப் பதிவு செய்ய நாங்கள் அம்மாவின் கம்மலை அடகு வைத்தோம். உங்களுக்கு அது வேண்டாம். சட்டத்தில் உள்ள கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்.

உள்ளே போன பிறகு இன்னொரு உண்மை. சலுகை வாசல் வரைக்கும்தான். கோர்ட்டில் நம் கட்சிக்காரருக்கு யாரும் 5 சதவீதம் தள்ளுபடி தரமாட்டார்கள். கொஞ்ச மார்க்கில் நுழைந்த நாம்தான் மற்றவர்களைவிட அதிகம் படிக்க வேண்டும். ஒரு பிரிவு விட்டுப்போனால் ஜாமீன் கிடைத்துவிடும். ஜாமீன் கிடைத்தால் சாட்சி பிறழ்ந்துவிடுவார்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை முதல் முறை முழுசாகப் படித்த ராத்திரி எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. சுடுகாட்டையும் பொதுப்பாதையையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பது பிரிவு 3-இன் கீழ் குற்றம். 2018-இல் சேர்த்த பிரிவு 18ஏ-யின்படி, எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையே இல்லை. பிரிவு 15ஏ-யின்படி, ஜாமீன் மனு விசாரணையில் பாதிக்கப்பட்டவரையும் கேட்க வேண்டும். கடமையைச் செய்யாத அதிகாரிமீது பிரிவு 4 இருக்கிறது. இத்தனையும் 2019 மார்ச்சிலேயே இருந்தது. நாங்கள் சி.எஸ்.ஆர். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்த அன்றைக்கும் இருந்தது.

61-உம் 57-உம் இன்று கறுப்புக் கோட்டுப் போடுகிறார்கள். 54 திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். விண்ணப்பித்திருந்தால் அவனுக்கு இடம் கிடைத்திருக்குமா? இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவே விடாமல் செய்தது அவனுடைய மார்க் அல்ல. அவனுக்குள் யாரோ போட்டுவைத்த வெட்கமும், அதை எடுத்துப் போடாத எங்கள் சிரிப்பும்.

போன வாரம் அவனிடமிருந்து போன். "தங்கச்சி டிகிரி முடிச்சிருச்சு மாப்ள. 56 சதவீதம். வக்கீலுக்குப் படிக்கணுங்குது. நீங்க ஒரு எட்டு வீட்டுக்குப் போய்ட்டு வாங்க."

போனோம். சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் தயாராக இருந்தது. "இந்த மார்க்குக்குக் கிடைக்குமாண்ணே?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. போட்டுப் பாப்போம்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.