பால்மரக் காட்டிலிருந்து பால்வீதிக்கு அப்பால்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டைத் தாண்டி, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது பாதி செம்பனையாகவும் பாதி தாமான் எனப்படும் குடியிருப்பாகவும் மாறிவிட்ட நிலத்தின் ஓரத்தில் நிற்கிறது அந்தக் கொட்டகை. தகரக் கூரையின் அடியில் இரும்புக் கேட்டுக்குப் போடும் உருளைகளும் தண்டவாளமும். தோளால் ஒரு தள்ளு தள்ளினால் கூரை பின்னால் நகர்ந்துவிடும். உள்ளே 8 அங்குல ஆடித் தொலைநோக்கி, கேமரா, மடிக்கணினி. கோடிக்கணக்கான ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன் திரள்களைப் படமெடுக்கும் வானாய்வுக்கூடம் இவ்வளவுதான்.

உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் அவர் வாத்தியார், எனக்கும் அப்படியே. உருளைகளைப் பற்றவைத்துக் கொடுத்தவர் லாரிப் பட்டறைக்காரர். மின்கம்பிகளைப் பார்த்துக்கொள்வது ஏர்கோன் பழுதுபார்க்கும், வாத்தியாரின் அண்ணன் மகன். தொலைநோக்கி நிற்கும் சிமெண்டுத் தூணைத் தரையோடு ஒட்டாமல் தனியாக எழுப்பியிருக்கிறார்கள். ஒட்டினால் நாம் நடக்கும் அதிர்வு படத்தில் விழுந்துவிடும். “மெதுவா வாங்க, தூண்ல மட்டும் கை வைக்காதீங்க” என்பதுதான் வாத்தியார் சொன்ன முதல் வார்த்தை.

பூமி சுழல்வதால் வானம் நம் தலைக்கு மேல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதைத் துல்லியமாகப் பின்தொடர, தாங்கியின் அச்சு வானத்தின் துருவத்தை நோக்க வேண்டும். ஐரோப்பாவில் துருவ நட்சத்திரம் உயரத்தில் நிற்கும். அதைப் பார்த்து அச்சை நேராக்கிவிடலாம். பேராக்கில் அது அடிவானிலிருந்து சுமார் 5 பாகை உயரத்திலேயே நிற்கும். வடக்கே குன்றும் செம்பனையும் அதை மறைத்துவிடுகின்றன. அதனால் வாத்தியார் ஏதாவது ஒரு விண்மீனைக் குறிவைத்து, அது எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருகாணியை முடுக்குகிறார். இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த அட்சரேகையில் அச்சு ஏறக்குறையப் படுத்துவிடுவதால், எடைக்கல் தொங்கும் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். முக்காலியை விட்டுவிட்டுத் தூண் எழுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதற்கு ஆதாயமும் இருக்கிறது. வடக்கே பெருங்கரடியிலுள்ள எம் 81, தெற்கே குதிரைமனிதனிலுள்ள சென்டாரஸ் ஏ ஆகிய இரண்டு விண்மீன் திரள்களையும் ஒரே கொட்டகையிலிருந்து பிடிக்கலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன் திரள்கள் அடங்கிய கன்னிக் கொத்து ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே வரும். ஆனால் அது நள்ளிரவில் உச்சிக்கு வரும் ஏப்ரலில்தான் இங்கே இடியும் மின்னலும் மிகுதி. ஆகவே வானம் ஓரளவு தெளிந்திருக்கும் பிப்ரவரியிலேயே பின்னிரவில் எழுந்து வேலையைத் தொடங்கிவிடுகிறார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய வாத்தியாரின் தாயும் தந்தையும் பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் நடக்கும் பெயர்க் கணக்கெடுப்புக்கு, எழுந்த அதே நேரம் அது.

அவர்கள் இருட்டில் எழுந்தது தோட்டத் துரையின் சட்டத்துக்காக மட்டுமல்ல. காலைக் குளிரில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் நின்றுவிடும். மரத்தில் கட்டிய மங்கில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்ததைத்தான் வாளிக்கு மாற்றினார்கள். கேமராவின் சென்சாரும் அப்படி ஒரு மங்குதான். ஒரு படத்துக்கு 5 நிமிடம் திறந்து வைத்து, அப்படி 60 படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் சுருள் கைகள் தெரியத் தொடங்கும். இரைச்சலைப் பாதியாகக் குறைக்க நேரத்தை 4 மடங்காக்க வேண்டும். மூடியைப் போட்டு எடுக்கும் இருட்டுப் படங்களும், சீரான வெளிச்சத்தில் எடுக்கும் வெள்ளைப் படங்களும் தனி. முன்னவை சென்சாரின் குறையைக் கழிக்க. பின்னவை தூசியின் நிழலை நீக்க.

ஈரப்பதம்தான் தினசரி எதிரி. ஆடியைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் பனி படிந்துவிடும். லென்சில் பூஞ்சை பிடிக்கும். மின்பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் குடியேறும். சுமத்திராவிலிருந்து புகைமூட்டம் வந்தால் வாரக்கணக்கில் கூரையைத் திறக்கவே முடியாது.

இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று கேட்கலாம். 1888இல் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளின் சுருளை முதன்முதலில் தெளிவாகப் படம்பிடித்த ஐசக் ராபர்ட்ஸ் தொழிலால் கட்டட ஒப்பந்தக்காரர். லிவர்பூல் அருகே தம் சொந்த வானாய்வுக்கூடத்திலிருந்து எடுத்தார். 2016 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில், பூட்டுத் தொழில் செய்யும் விக்டர் புசோ தம் வீட்டு மாடியில் புதிய கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார். என்ஜிசி 613 என்ற விண்மீன் திரளில் ஒரு விண்மீன் வெடிக்கத் தொடங்கிய முதல் ஒளி அவருடைய படங்களில் பதிவாகியிருந்தது. பெரிய வானாய்வுக்கூடங்களுக்கு வாய்க்காத அந்தப் பதிவு 2018இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளிவந்தது. அதே திரள் பேராக் வானத்திலும் எழுகிறது.

இங்கே இல்லாமல் போய்க்கொண்டிருப்பது இருட்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டத்தை வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது காப்பாற்றிய நிலம் போக, எத்தனையோ தோட்டங்கள் செம்பனைக்கும் வீடுகளுக்கும் போய்விட்டன. தாமான் வந்ததும் தெருவிளக்கு வந்தது. தோட்டத்து லயத்து வீடுகளுக்கு விளக்கு கேட்டுப் போராடிய மக்களிடம் விளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, வாத்தியாரும் சொல்லவில்லை. அவருடைய குறை விளக்கின் வகையைப் பற்றியது. பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் ஒளி சில நிறங்களில் மட்டும் குவிந்திருக்கும். வடிகட்டி போட்டு அதைப் பெருமளவு விலக்கலாம். வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவும். விண்மீன் திரளின் ஒளியும் அப்படிப் பரவிய ஒளியே. ஒன்றை வடிகட்டினால் மற்றதும் போய்விடும். தெற்கே ஈப்போவின் வானம் வெளுத்திருக்கிறது. அந்தப் பக்கம் படமெடுப்பதை வாத்தியார் ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

வானியலாளர் வைணு பாப்பு வானாய்வுக்கூடம் அமைக்க 1960களில் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு நகர வெளிச்சம் எட்டாத இருட்டும் ஒரு காரணம். நமக்கு மலையேற வேண்டிய அவசியம்கூட இல்லை. கோயில், பள்ளி, தாமான் நிர்வாகத்தில் இருப்பவர்கள் அடுத்த முறை விளக்கு மாற்றும்போது மூன்றைக் கவனியுங்கள்: ஒளி தரையை மட்டும் பார்க்கும்படி மூடி, வெள்ளைக்குப் பதில் இளமஞ்சள், நள்ளிரவுக்குப் பின் தேவையில்லாத விளக்குகளை அணைப்பது. பாதையில் வெளிச்சம் குறையாது, மின்கட்டணம்தான் குறையும்.