பரணில் தேங்காய் எண்ணெய்

"தலையில என்ன தடவியிருக்கீங்க?" என்றார் பெரியவர். வணக்கம்கூடச் சொல்லி முடிக்கவில்லை. மூக்கை என் தோள் பக்கம் கொண்டுவந்துவிட்டார்.

தேங்காய் எண்ணெய்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து தடவுகிறேன். பிழைக்கப் போன பிள்ளையைப் பார்க்க வந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் நம் வாசனையைப் பற்றிக் கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கும். பதில் சொல்லாமல் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்குப் பக்கம், ஆகஸ்ட் கடைசி. பெரியவர் என் மகனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். செப்டம்பர் நடுவில் வில் வேட்டை தொடங்கிவிடும். அதற்குள் மான்கள் எந்தப் பக்கமாக, எத்தனை மணிக்கு வருகின்றன என்று தெரிந்துகொள்ள, சாயங்காலமானால் பரணில் ஏறிவிடுவார். "சும்மா பார்க்கத்தான், வாங்க" என்றார். கொல்லப்போவதை முதலில் உட்கார்ந்து ரசிப்பதா என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு. 1972-ல் நம் நாட்டில் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்தவன் நான். மான் என்றால் ஒன்று கிண்டி பூங்கா, இல்லையென்றால் கோர்ட் கேஸ். ஆனாலும் போனேன். வீட்டில் பொழுது போகவில்லை.

"சாப்பிடத்தான் அடிக்கிறீங்களா?" என்று வழியில் கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன். சாப்பிடத்தானாம். ஆனால் 2002-ல் இந்த மாநிலத்து மான்களிடம் மூளையை அரிக்கும் ஒரு நோயைக் கண்டுபிடித்தார்கள். அதனால் பரிசோதனை முடிவு வரும்வரை அவர் வீட்டு இறைச்சி ஃப்ரீசரிலேயே கிடக்கும்.

பரண் என்றதும் காட்டுப்பன்றி விரட்ட நம் மலையடிவாரங்களில் கட்டும் பரணை நினைத்திருந்தேன். இது ஓக் மரத்தோடு பட்டை போட்டு இறுக்கிய இரும்பு ஏணி. பதினைந்தடி உயரத்தில் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். என் மார்பிலும் தொடையிலும் வாரை மாட்டி, மரத்தோடு சேர்த்துக் கட்டினார். கன்றுக்குட்டி மாதிரி இருந்தேன்.

ஒன்றரை மணி நேரம். காது மடலில் கொசு உட்கார்ந்தால் அடிக்கக் கூடாது. ஊதிக்கூட விடக் கூடாது. கடைசியில் சோயா வயலுக்குள் மூன்று ஆண் மான்கள் இறங்கின. கொம்புகள் மேல் இன்னும் வெல்வெட் போன்ற தோல். இன்னும் சில நாளில் அது உரிந்துவிடும், அப்புறம் இந்தச் சேக்காளித்தனமும் முறியும் என்று காதோடு சொன்னார். பிறகு எங்கள் முதுகுப் பக்கப் புதரிலிருந்து ஒரு பெட்டை, இரண்டு குட்டிகளோடு வந்தது. குட்டிகளின் மேல் புள்ளிகள் மங்கிக்கொண்டிருந்தன. நம் புள்ளிமானுக்குப் புள்ளி ஆயுசுக்கும்; இதற்குக் குழந்தைப் பருவத்தோடு சரி.

பெட்டை நின்றது. மூக்கைத் தூக்கியது. முன்காலால் தரையை ஒரு தட்டு, இன்னொரு தட்டு. குக்கரில் ஆவி பீறிடுவதுபோல 'புஸ்' என்றது. வெள்ளை வால் விசிறியாக நிமிர, குட்டிகள், வயலில் நின்ற மூன்று பேர், எல்லாம் போய்விட்டன.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எரிச்சலாக இருந்தது. வண்டிக்கு வந்ததும் மூடி போட்ட ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். காய்ந்த இலைகளுக்கு நடுவே அவருடைய வேட்டைத் துணிகள். வாசனையில்லாத சோப்பில்தான் துவைப்பாராம், அதில்தான் குளிப்பாராம். "துப்பாக்கின்னா இருநூறு கஜத்துல நின்னுக்கலாம். வில்லுக்கு முப்பது கஜத்துக்குள்ள வரணும். உங்க எண்ணெய் மட்டுமில்ல, என் பற்பசையும் அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

என் ரோஷம் இருந்த இடம் தெரியவில்லை.

மறுநாள் அவர் கொடுத்த சோப்பில் இரண்டு தடவை தலை தேய்த்துக் குளித்தேன். முடி தேங்காய் நார் மாதிரி நின்றது. வயலோரம் வந்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து போன வருஷத்துக் காய் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே பட்டுப் பட்டாகப் பஞ்சு.

"எருக்கு!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவர் விரலை உதட்டில் வைத்தார். மில்க்வீட் என்பார்கள், எருக்கின் குடும்பம்தான். சின்ன வயதில் தாத்தா தாடி என்று நாங்கள் ஊதி விளையாடிய அதே பஞ்சு. இவர் காற்றுப் பார்க்க வைத்திருக்கிறார்.

ஒரே ஒரு இழையை விட்டார். அது எங்கள் தலைக்கு மேலே எழும்பி, பரணைத் தாண்டி, கொஞ்சம் தாழ்ந்து, நேற்று பெட்டை வந்த அதே புதருக்கு நேராகப் போனது. கண்ணுக்கு மறையும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இன்னைக்கு வேண்டாம்" என்று வண்டிப் பக்கம் திரும்பினார். காய்ந்த தலையோடு நானும் பின்னால் நடந்தேன்.