இலைக்கு எவ்வளவு?

ஜவ்வாது மலை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தேன், பலா, பீமன் அருவி... விஞ்ஞானத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்குக் காவலூரில் 1986-ல் திறந்த 93 அங்குலத் தொலைநோக்கி. எனக்கு இனிமேல் ஞாபகம் வரப்போவது ஓர் ஆயிரம் ரூபாய்!

அப்பாவுக்கு 80 வயது நிறைந்தது. சென்னையில் மண்டபம் பார்க்கலாம் என்றேன். "மண்டபமும் வேணாம், மைக்செட்டும் வேணாம். ஜமுனாமரத்தூர் பக்கம் என் பசங்க இருக்காங்க. அவங்களோட உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடணும், அவ்வளவுதான்" என்றார். 1970-களில் அந்த மலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர் அவர். 'பசங்க' எல்லோரும் இப்போது பேரன், பேத்தி எடுத்தவர்கள்.

120 பேருக்குச் சாப்பாடு. கீழே ஒரு டவுனில் சமையல் கான்ட்ராக்டரைப் பிடித்தேன். இலைக்கு 250 ரூபாய். ரெண்டு ஸ்வீட், வடை, வெஜிடபிள் பிரியாணி, சாம்பார், ரசம், ஐஸ்கிரீம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். மொத்தம் 30,000. பாதியை அட்வான்ஸாக அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அப்பா மெனுவைப் பார்த்துவிட்டு, "சாமைச் சோறு இல்லையா?" என்றார்.

கான்ட்ராக்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் யூடியூப்ல பாத்துப் பசங்க பண்ணிடுவாங்க சார்!" அப்பா முகம் போன போக்கைப் பார்த்து, சாமையை மட்டும் மலையிலேயே செய்யச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். பேரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள், பேசுவது தமிழ்தான். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். மழையை நம்பிச் சரிவில் விதைத்து, மூன்று நான்கு மாதத்தில் அறுக்கிற சாமைதான் தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய சோறு. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நாமெல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குகிறோமே, அதே சாமை.

அப்பாவின் பழைய மாணவர் ஒருவர், மகளிர் குழு நடத்தும் ஓர் அம்மாவிடம் கூட்டிப் போனார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் மட்டும் என்றேன். அந்த அம்மா விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார்.

"சாமையை உமி நீக்கணும், புடைக்கணும், கல்லு அரிக்கணும். அஞ்சு பொம்பளைங்களுக்கு ரெண்டு நாள் வேலை. ஆளுக்கு நானூறு வச்சா நாலாயிரம். சாமை, மொச்சை, விறகுக்கு ரெண்டாயிரம். ஆறாயிரம் ஆவுது சார்."

"ஒரே ஒரு ஐட்டத்துக்கா? அஞ்சாயிரம் வச்சுக்குங்கம்மா..."

அந்த அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "வாத்தியார் வீட்டு விசேஷம். சரி" என்றார். பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தோடு வந்தேன்.

விசேஷ நாள். பத்தரைக்கு வரவேண்டிய சாப்பாட்டு வண்டி வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஒருவழியாக லைன் கிடைத்தது. மலைப்பாதை பழக்கமில்லாத டிரைவர், ஒரு வளைவில் வண்டி நின்றுவிட்டதாம். பந்தலில் 120 பேர். அப்பா நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பேரையும் ஞாபகப்படுத்திக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அந்த அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகளை நாலு வீட்டுக்கு விரட்டினார். தங்கள் சோற்றுக்காக வைத்திருந்த சாமை அரிசி முறத்தில் வந்தது. இன்னொரு அண்டா அடுப்பில் ஏறியது. சாமைக்கு ஒரு நல்ல குணம்... உலை கொதித்துவிட்டால் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். கொஞ்சம் கண் அசந்தால் குழைந்துவிடும். அதனால் அடுப்பைவிட்டு யாரும் நகரவில்லை.

ஒரு மணிக்கு முதல் பந்தி. சுடச்சுடச் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, ஒரு கீரை, கடைசியில் கொஞ்சம் தேன். அப்பா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். வண்டி இரண்டரைக்கு வந்தது. கூடவே வந்த பரிமாறும் பையன்கள், பாவம், காலையிலிருந்து பட்டினி. சுமந்து வந்த பிரியாணியை இறக்கி வைத்துவிட்டு, மிச்சமிருந்த சாமைச் சோற்றைத்தான் சாப்பிட்டார்கள்!

சாயங்காலம் அந்த அம்மாவிடம் கணக்குக் கேட்டேன். பெரிய தொகையாகச் சொல்வார், சொன்னால் நியாயம்தான் என்று தயாராக இருந்தேன்.

"பேசினது அஞ்சாயிரம். நாலு வீட்டுச் சாமையைத் திருப்பிக் கொடுக்கணும், அதுக்கும் மொச்சைக்கும் ரெண்டாயிரம். ஏழாயிரம் சார்."

எட்டாயிரம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். ஓர் ஆயிரம் அதிகம் என்று திருப்பித் தருவார், நான் பெருந்தன்மையாக மறுக்கலாம் என்று மனசுக்குள் ஒரு சினிமா ஓடியது. அவர் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "முதல்ல சொன்ன கணக்குதான் சார் இது" என்றார். அவ்வளவுதான்.

இறங்கும்போது காரில் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நான் இங்க வேலை பார்த்தப்போ, கீழேயிருந்து வியாபாரிங்க வருவாங்க. புளி, தேன், கடுக்காய்... எதைக் கொண்டுவந்தாலும், 'இதுக்குப் போய் இவ்வளவா?'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. உன்னோட படிச்சவங்க கணக்குல ஏமாறக் கூடாதுன்னுதான் இந்தப் பசங்களுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்."

அந்த அம்மா அப்பாவிடம் மூன்றாம் வகுப்பு படித்தவராம். எனக்கு அப்போதுதான் தெரியும்.