கச்சான் காற்றும் கச்சான் அல்வாவும்

பதுளை என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் வருவன துன்ஹிந்த நீர்வீழ்ச்சியும், முதியங்கணை விகாரையும், வானை முட்டி நிற்கும் நமுனுகுல மலையுமேயாம். அவற்றைக் கண்டு வந்து எழுதியோர் பலர். ஒரு லயத்து வீட்டின் அடுப்பங்கரையைக் காண்பதற்காகவே மலையேறிச் சென்றோர் மிகச் சிலராகத்தான் இருப்பர். 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில் நாம் அவ்வாறு சென்றோம்.

எம்மை அழைத்தவர் பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருக்கும் நண்பர். "விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன தின்பண்டம் செய்து கொடுக்கலாம் என்று நீங்கள் தாய்மாருக்கு எழுதுகிறீர்கள். எங்கள் பிள்ளைகளின் தாய்மார் பகலில் வீட்டிலே இருப்பதில்லை. பிள்ளைகள் தாமே என்ன செய்துகொள்கிறார்கள் என்று வந்து பாருங்கள்" என்று அவர் எழுதியிருந்தார். அக்கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கொழும்புக் கோட்டையில் அதிகாலைப் புகையிரதமாகிய பொடி மெனிக்கேயில் ஏறினோம்.

மலைக்கு அப்பால் வேறொரு வானம்

நானுஓயாவைத் தாண்டும்வரை தூறல் விடவில்லை. மேற்கு மலைச்சாரலுக்கு ஆகஸ்ட் மாதம் மழைக்காலமன்றோ? யன்னலை மூடிவிட்டுக் கம்பளியைப் போர்த்துக்கொண்டோம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலை நிலையம் கடந்ததும் வண்டி ஒரு சுரங்கத்துள் நுழைந்தது. வெளியே வந்தபோது எம் கண்களையே நம்ப முடியவில்லை. மழையுமில்லை, முகிலுமில்லை. பளீரென்ற வெயில், உலர்ந்த புல்வெளி, கீழே நெடுந்தூரம் வரை ஊவாவின் நீல மலைகள்.

இஃது ஏதும் மாயமன்று. தென்மேற்குப் பருவக் காற்று கடலிலிருந்து சுமந்துவரும் நீரையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகின்றது. பின்னர் மலைமுகட்டைத் தாண்டிக் கீழிறங்குகையில் அது வெப்பமும் வறட்சியுமுள்ள காற்றாய் மாறிவிடுகின்றது. இதனையே கச்சான் காற்று என்பர். யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் இக்காற்றின் ஆட்சிதான்.

ஒன்பது வளைவுப் பாலத்தையும், தண்டவாளம் தன்னைத் தானே சுற்றிவந்து நிலையத்தின் அடியாலேயே புகுந்து செல்லும் தெமோதரையையும் கண்டு மகிழ்ந்தோம். 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய இந்தப் பாதையில் இவை என்றும் அலுக்காத காட்சிகள். வண்டிக்குள் ஒரு வியாபாரி காகிதச் சுருளில் வறுத்த கச்சான் விற்றான். இலங்கையில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றே பெயர் என்பதை இந்திய வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. எமக்குக் கிடைத்த சுருள், யாரோ ஒரு மாணவனின் பழைய கணக்குக் கொப்பியின் தாள். பின்னக் கணக்குக்கு ஆசிரியர் சிவப்பு மையாற் பிழை போட்டிருந்தார். கச்சானின் பதத்தில் மட்டும் யாதொரு பிழையுமில்லை.

காற்றே குளிர்ப்பெட்டி

மறுநாட் காலை நண்பர் எம்மை ஒரு லயத்துக்கு அழைத்துச் சென்றார். வரிசையாய்ப் பத்துக் காம்பராக்கள். அவற்றுள் ஒன்றில் ஓர் அப்பாயியும் நான்கு பேரப்பிள்ளைகளும் இருந்தனர். தகப்பன் கொழும்பிலே கடையொன்றில் வேலை. தாய் விடியற்காலையிலேயே கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டாள். மூத்த பெண்ணுக்கு வயது பதின்மூன்று, கடைக்குட்டிக்கு ஐந்து.

வெயிலில் நடந்து வந்த எமக்கு அந்தப் பெண் ஒரு குவளை பானகம் கொண்டுவந்தாள். எலுமிச்சைச் சாறு, வெல்லம், தட்டிய இஞ்சி, ஒரு சிட்டிகை உப்பு. இவை எங்குமுள்ளவைதாம். ஆனால் அது குளிர்ந்திருந்த குளிர்ச்சி எம்மைத் திடுக்கிட வைத்தது. எங்கே குளிர்சாதனப் பெட்டி என்று சுற்றுமுற்றும் பார்த்தோம். அப்பாயி சிரித்துவிட்டார்.

"ஐஸ் பொட்டி நமக்கு எதுக்குங்க ஐயா? இந்த மாசத்துல காத்துதான் நமக்கு ஐஸ் பொட்டி."

வாசலின் ஓரத்தில், காற்று நேரே வந்து மோதும் இடத்தில், ஈரச் சாக்குச் சுற்றிய மண்பானையொன்று மணல்மீது வைக்கப்பட்டிருந்தது. சாக்குக் காயக் காய அதன்மேல் நீர் தெளிப்பது மூன்றாவது பையனின் உத்தியோகம். உள்ளே இருந்தது கொதித்தாறிய நீர்.

மாணவ நேயர்கள் இதன் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் நீர் ஆவியாக மாறுவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது பானையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. ஒரு கிராம் நீரை ஒரு பாகை குளிர்விக்க ஒரு கலோரியை நீக்கினாற் போதும். ஆகவே, வெளிவெப்பம் உட்புகாதிருக்குமாயின், பத்துக் கிராம் நீர் ஆவியாகும்போது ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய ஆறு பாகை குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் குறைந்திருந்தால் நீர் விரைவாக ஆவியாகும். நுவரெலியாவின் மழைத்தூறலில் இந்த வித்தை பலிக்காது. ஊவாவின் கச்சான் காற்றிலே நன்றாய்ப் பலிக்கும்.

கச்சானைப் புடைக்கும் கச்சான்

அன்று அல்வா செய்யும் நாள். மொனராகலைப் பக்கம் விளைந்த கச்சான் இரண்டு சுண்டு, சீனி ஒன்றரைச் சுண்டு, ஏலக்காய் நான்கு, உப்புச் சிறிது, எலுமிச்சைச் சாறு ஒரு கரண்டி. இவ்வளவே முதல்.

கச்சானை மணலில் வறுத்துச் சலித்துச் சூடாறியதும் பிள்ளைகள் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தனர். பின்னர் முறத்தில் இட்டு வாசலில் நின்று புடைத்தனர். செந்நிறத் தோல்கள் காற்றில் எழுந்து, தேயிலைச் செடிகளின் மேலாகப் பறந்து மறைந்தன. கச்சானைக் கச்சானே தூற்றிக் கொடுத்த காட்சியைக் கண்டு சின்னவன் கைகொட்டி ஆர்ப்பரித்தான்.

சீனியை உருக்கும் வேலையை மட்டும் அப்பாயி பிள்ளைகளிடம் விடவில்லை. அடுப்பைத் தணித்து, நீர் விடாமல், சீனி தேன்நிறம் கொள்ளும்வரை கிளறினார். உருகிய சீனி கொதிநீரைக் காட்டிலும் வெகுவாகச் சூடுடையது. கையிற் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். இதைச் செய்து பார்க்க விரும்பும் வீடுகளில் பெரியவர் ஒருவர் அடுப்பருகே நிற்றல் வேண்டும். எலுமிச்சைச் சாறும் ஏலப்பொடியும் உப்பும் சேர்த்துக் கச்சானைக் கொட்டி, எண்ணெய் தடவிய பலகையில் ஊற்றி, போத்தலால் உருட்டித் தட்டையாக்கினார். சூடு தணிந்து இளகிய பதத்தில் இருக்கையிற்றான் பிள்ளைகளின் முறை வந்தது. பால்மா டின் மூடியால் முழுநிலா வெட்டினர். அதே மூடியைச் சற்றுத் தள்ளி வைத்துப் பிறைநிலா வெட்டினர். எஞ்சிய துண்டுகள் நட்சத்திரங்கள் என்று பெயர் பெற்றன.

இடியப்பத் தண்டவாளம்

அல்வா இறுகும்வரை சும்மா இருக்கப் பிள்ளைகளுக்கு மனம் வருமா? வெலிமடைப் பக்கத்துக் கரட், ஒரு வெள்ளரிக்காய், ஒரு பாகற்காய், இரண்டு கத்தரிக்காய் ஆகியவற்றோடு தரையில் அமர்ந்துவிட்டனர். வெள்ளரிக்காய் துண்டமாகிப் புகையிரதப் பெட்டிகளாயிற்று. கரட் வட்டங்கள் சில்லுகளாயின. ஈர்க்குகள் அச்சாணிகள். காலையில் மிஞ்சிய இடியப்பத்தைப் பிரித்துத் தட்டிலே தண்டவாளம் போட்டாள் மூத்தவள். அடுத்தவன் ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் பாதியாய்ப் பிளந்து கவிழ்த்து, "இது தெமோதரைச் சுரங்கம், மேலே இருப்பது ஸ்டேசன்" என்று அறிவித்தான். பாகற்காய் முதலையாகி வண்டியை மறித்தது. கத்தரிக்காய் இரண்டும் காம்பைத் தொப்பியாக அணிந்த காவற்காரராய் முதலையைக் கைது செய்தன.

இத்தனை காய்கறியும் வீணாய்ப் போகுமே என்று எண்ணினோம். எமது எண்ணத்தை அப்பாயி முகத்திலேயே படித்துவிட்டார் போலும். ஆட்டம் முடிந்ததும் ஈர்க்குகளை ஒவ்வொன்றாய் எண்ணி எடுத்தபின், முதலை உட்பட யாவும் கழுவப்பட்டு மத்தியானக் கறிக்குப் போயின. பாகற்காயைக் கண்டால் ஓடும் சின்னவன், "முதலைக் கறி" என்று கேட்டு வாங்கி உண்டான். தண்டவாளம் தேங்காய்ப்பூவோடும் சீனியோடும் கலந்து தீர்ந்தது.

மாலைச் சிற்றுண்டிக்கென்று இலைக் கொழுக்கட்டையும் அவித்திருந்தனர். சிங்கள அயலவர் இதனை ஹலப்ப என்பர். குரக்கன் மாவை, அதாவது கேழ்வரகு மாவை, தேங்காய்ப்பூவும் கித்துள் பாணியும் விட்டுப் பிசைந்து, வட்டமான கெண்ட இலையில் வைத்து மடித்து நீராவியில் அவிப்பது. இலையை விரித்ததும் அதன் நரம்புகள் பண்டத்தின்மேல் கோலம்போற் பதிந்திருக்கும். யாருடைய கோலம் அழகியது என்று பிள்ளைகளுக்குள் போட்டி. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு எம்மீது விழுந்தது. நான்கும் அழகு என்று கூறித் தப்பினோம்.

இக்கொழுக்கட்டை வெறும் விளையாட்டன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்றதை யாவரும் அறிவர். "அப்பலேருந்து புள்ளைங்களுக்குச் சாயத்தண்ணிதாங்க" என்றார் அப்பாயி. நூறு கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணச்சத்து உண்டு; அதே அளவு பசும்பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம். அதற்காகக் குரக்கன் பாலுக்கு முற்றிலும் ஈடாகிவிடாது. எனினும், தோட்டப்புறத்துத் தட்டில் அது வீற்றிருத்தல் நன்று. 2016ஆம் ஆண்டின் சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரம் பெறாதவர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் மட்டும் நூற்றுக்கு 32 பேர். அந்த எண்களை நாம் முன்பே படித்திருந்தோம். சின்னவனை அவனுடைய வயதுக் கொழும்புப் பிள்ளையொன்றோடு மனத்தில் நிறுத்திப் பார்த்தபோதுதான் அவற்றின் பொருள் எமக்கு விளங்கிற்று.

முதற் பங்கு

அல்வா இறுகிவிட்டது. நாம் கையை நீட்டினோம். ஆனால் மூத்தவள் நிலாக்களுள் பெரியதொன்றை எடுத்து வாழையிலையில் முடிந்து வைத்தாள். ஒரு போத்தலிற் பானகம் நிரப்பி ஈரத்துணி சுற்றினாள். "அம்மாவுக்குக் குடுத்துட்டு வந்துதாங்க நாங்க சாப்புடுவோம்" என்றாள்.

நாமும் உடன் சென்றோம். கொழுந்து மடுவத்தில் பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடையிறக்கி வரிசையில் நின்றனர். ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற மணம் இந்தக் கச்சான் காலத்திலேயே உண்டாகின்றது. வறண்ட காற்றில் செடியின் வளர்ச்சி மந்தமாகிக் கொழுந்திலே வாசம் செறிகின்றது. உலகத்து வணிகர் இம்மாதங்களின் தேயிலைக்குத் தனி மதிப்பு அளிப்பர். ஆனால் வளர்ச்சி மந்தமென்றால் கொழுந்து குறைவு. கொழுந்து குறைந்தால் நிறை குறைவு. நிறை போதாவிடின் முழுப்பேருக்கு மாறாக அரைப்பேர், அதாவது அரைநாட் கூலிதான். தேயிலைக்கு வாசம் மிகும் காலமே கூடைக்குப் பாரம் குறையும் காலம் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அந்தத் தாயின் நிறையும் அன்று குறைவுதான். அவள் ஒன்றும் பேசாமல் ஒதுங்கி வந்து போத்தலை வாங்கி மூன்று மிடறு குடித்தாள். மிகுதியைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நீட்டினாள். பிறகு நிலாவை உடைத்து நான்கு துண்டாக்கித் தன்னோடு நின்றவர்களுக்குப் பங்கிட்டாள். "யாரு செஞ்சது?" என்று ஒருத்தி கேட்டாள். "எம் புள்ளைங்க" என்றபோது அவள் முகத்தில் அதுகாறும் இருந்த வாட்டம் சற்று நீங்கியதைக் கண்டோம்.

திரும்பும் வழியில் ஒரு கடை வாசலில் நிறநிறமான பானப் போத்தல்கள் அடுக்கியிருந்தன. அவற்றிற் சிலவற்றின்மேல் சிவப்புப் புள்ளி. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி உண்டென்பதைக் காட்ட 2016இல் வந்த விதியின் அடையாளம் அது. பிள்ளைகள் அவற்றைப் பாராமலே நடந்தனர் என்று எழுதினால் அது பொய்யாகும். பார்த்தார்கள், நின்றும் பார்த்தார்கள். பின்பு சின்னவன், "வீட்டுல அல்வா இருக்குல்ல?" என்று நினைவூட்டவே நால்வரும் ஓடினர்.

வறுமையைப் பிள்ளைகளின் கைத்திறன் வென்றுவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களுக்குப் பாலும் வேண்டும். தாய்க்கு முழுப்பேரும் வேண்டும். அவை கிடைக்கும்வரை இவர்கள் கைகட்டி இருக்கவில்லை என்பதையே சொல்ல வந்தோம். யாவும் கடையில் வாங்கக் கிடைக்கும் நம் வீடுகளில் பிள்ளைகள் விடுமுறையில் அலுப்பாயிருக்கிறது என்று முணுமுணுக்கும்போது, ஒரு முறத்தையும் கொஞ்சம் கச்சானையும் அவர்கள் கையிற் கொடுத்துப் பாருங்கள். செய்து முடித்தபின் முதற் பங்கை வீட்டில் அதிகம் உழைத்தவருக்குக் கொடுக்கவும் சொல்லுங்கள்.

மறுநாள் புறப்படுகையில் மூத்தவள் எமக்கும் ஒரு சுருள் தந்தாள். அவளுடைய கணக்குக் கொப்பியின் தாள். உள்ளே பிறைநிலா இரண்டு. சுருளைப் பிரித்துப் பார்த்தோம். அதிலும் ஒரு பின்னக் கணக்கு இருந்தது. அதற்கு ஆசிரியர் சரி போட்டிருந்தார்.