மூளையின் நாற்றங்கால்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் எம் தமையனார் சித்தம் கலங்கிப் பல்லாண்டு துன்புற்றார். கலியுக வரதராசப் பெருமாள் சந்நிதியில் எம் அன்னையார் அவர் சுகத்துக்காக வேண்டாத நாளில்லை. ஊராரோ 'குலத்தின் பாவம்' என்றனர். அச்சொல் நோயினும் எம்மை அதிகம் வருத்திற்று.

முறிந்த எலும்பைப் படத்திற் காணலாம். உயிரோடிருப்பவரின் மூளையைப் பிளந்து காணல் ஆகுமோ? இத்தடைக்கு வழி திறந்தவர் ஜப்பானியராகிய யமனாக்கா. 2007-ஆம் ஆண்டில் அவர் முதிர்ந்த மனிதரின் தோலணுக்களை, எவ்வுறுப்பாகவும் வளரவல்ல குருத்தணுக்களாக மாற்றினார். 2013-இல் வியன்னா நகரில் லங்காஸ்டர் அம்மையாரும் நோப்ளிக்கும் குருத்தணுக்களினின்று சில மில்லிமீட்டர் அளவுள்ள மூளைத்திசு உருண்டைகளை வளர்த்தனர். தலை சிறுத்துப் பிறந்த ஒருவரின் தோலணுவினின்று வளர்ந்த உருண்டையும் சிறுத்தே நின்றது! நம் நாட்டிலும், பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையாரும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தாரும் கூடி, மனநோய் தொடரும் குடும்பத்தாரின் இரத்த அணுக்களைக் குருத்தணுக்களாக்கி ஆராயத் தொடங்கினர்.

இவ்வுருண்டை மனிதனன்று, முழு மூளையுமன்று. இரத்தக்குழாய் இன்மையால் அதன் உட்பகுதி பட்டுப்போம். நாற்றங்காலில் நெல் விளையாது. ஆயினும் பயிரின் நோயை உழவன் அங்கேயே கண்டுகொள்வான். இதுவும் அத்தகையதே.

இவ்வாராய்ச்சியால் எம் தமையனாருக்கு மருந்து கிட்டிற்றில்லை. ஆயினும் ஊரார் சொல்லுக்கு மறுமொழி கிட்டிற்று: நோயின் வேர் உடலில் உண்டு, பாவத்தில் அன்று. முன்னெல்லாம் அவரை வீட்டிலிருத்திவிட்டுத் தனியே திருவிழாவுக்குச் சென்றோம். இவ்வாண்டு அவர் கைபற்றிச் சென்றோம், நாணினோமில்லை.